தனக்கு ஒரு கல், சம்பந்திக்கு ஒரு கல்

மார்ச் மாதம் பதினோராம் தேதி, செவ்வாய்க்கிழமை. விடியற்காலை முதல் விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்த மழை பத்து மணிக்கு நின்றது. வெயில் மட்டும் வரவில்லை. நனைந்த தெருவில் நடந்து வந்து முகம் மழித்துக்கொள்ளும் அளவுக்கு எவருக்கும் அவசரம் இல்லாத காலை அது. ஆகவே மயிலிறகு தம் கடையின் ஒற்றை நாற்காலியில் தாமே அமர்ந்து, கண்ணாடியில் தம் முகத்தைத் தாமே மெச்சிக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவருடைய சம்பந்தி, செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தோடு படியேறி உள்ளே வந்தார்.

மயிலிறகு என்பது பெற்றோர் வைத்த பெயர் அன்று. கத்தி கன்னத்தில் படுவதே தெரியவில்லை, மயிலிறகால் வருடுவது போல் இருக்கிறது என்று ஒரு துணிக்கடைக்காரர் எப்போதோ ஒருநாள் நல்ல மனநிலையில் சொல்லிவிட்டார். பாராட்டுச் சொல் ஒன்று காலடியில் விழுந்தால் அதைத் துடைத்து மடியில் முடிந்துகொள்ளும் இயல்புடைய நம் சவரக்காரர், மறுவாரமே கடையின் பெயர்ப்பலகையை மாற்றி எழுதச் செய்தார். அன்றிலிருந்து ஊராருக்கு அவர் மயிலிறகு. எதிர்வரிசையில் குளிரூட்டிய கடை ஒன்று திறந்து, ஒருமுறை மழித்ததும் தூக்கி எறியும் பிளேடுகளை விளம்பரம் செய்தபோதும், பழைய வாடிக்கையாளர்கள் இந்தப் பக்கத்திலிருந்து அசையவில்லை. அதற்குக் காரணம் கத்தி. கத்திக்குக் காரணம் கல்.

அது கரும்பச்சை நிறத்தில், ஒரு சாண் நீளத்தில், விரல் பருமனுக்கும் குறைவாகத் தேய்ந்திருந்த ஓர் இயற்கைத் தீட்டுக்கல். மூடப்போகும் கடை ஒன்றில் மற்ற சாமான்களோடு சாமானாக அவருக்குக் கிடைத்தது. அதைப் போன்ற ஒன்றைப் புதிதாக வாங்க வேண்டுமென்றால் கடை நாற்காலியை விற்க வேண்டும். நாற்காலியை விற்றபின் கல்லை வைத்துக்கொண்டு செய்வதற்கு எதுவும் இராது. அந்தக் கல்லை அவர் சுற்றி வைத்திருந்த துணி, மனைவியின் நல்ல சேலை ஒன்றிலிருந்து வெட்டிய துண்டு. வெட்டியதை அவர் சொல்லவில்லை. அம்மையார் தாமே கண்டுபிடித்துக்கொண்டார்.

சம்பந்தி கதவும் சன்னலும் செய்யும் பட்டறை வைத்திருந்த தச்சர். குரல் பெரியது, கை பெரியது, மனமும் பெரியதுதான். இரவல் வாங்குவதில் உள்ள கூச்சம் மட்டும் சிறியது. மயிலிறகின் ஒரே மகள் அவர் வீட்டுக்கு மருமகளாகப் போய் ஓராண்டு ஆகியிருந்தது. ஆங்கிலப் புத்தாண்டுக்கு முன்பு ஒருநாள் கடைக்கு வந்தவர் அந்தக் கல்லைக் கண்டார், கண்டதும் கேட்டார், கேட்டதும் பெற்றார். ஒரு வாரத்துக்கு என்று வாங்கிப்போன கல்தான் இப்போது செய்தித்தாளில் திரும்பி வந்திருந்தது. சேலைத் துண்டு எங்கே போயிற்று என்று கேட்க மயிலிறகு வாயெடுத்தார். பிறகு வாயை மூடிக்கொண்டார்.

"கல்லா சம்பந்தி இது? வெண்ணெய். இழைப்புளி அலகை வச்சு நாலு இழுப்பு இழுத்தா அதுல முகம் பார்க்கலாம்" என்று சொல்லிக்கொண்டே சம்பந்தி பொட்டலத்தைப் பிரித்தார்.

கல்லின் நடுவில் ஒரு பள்ளம் இருந்தது. குழந்தையைக் கிடத்தித் தாலாட்டலாம் போன்ற பள்ளம்.

இதில் சம்பந்தியின் வஞ்சகம் எதுவும் இல்லை. மரம் இழைக்கும் இழைப்புளியின் அலகு கல்லைவிட அகலம் குறைந்தது. அதைப் பிடித்துத் தீட்டுபவர் கல்லின் நடுவில்தான் அழுத்துவார். சம்பந்தியின் கையோ அழுத்துவதற்கென்றே படைக்கப்பட்டது. கல் சற்றுக் குழிந்தாலும் மரத்துக்குப் பெரிய குறை நேர்வதில்லை. சவரக்கத்தியின் கதை வேறு. அதன் முதுகும் முனையும் ஒரே நேரத்தில் கல்லில் படிந்து போக வேண்டும். கல் குழிந்தால் முனை மழுங்கும். முனை மழுங்கினால் மயிலிறகு என்னும் பெயரில் இறகு போய்விடும். சவரக்காரர் தச்சருக்குக் கல் இரவல் தருவதும், பூந்தொட்டியை எருமைக்கு இரவல் தருவதும் ஒன்றே. இது தெரிந்தும் தந்தவர் அவர்.

"கல்லுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று சம்பந்தி கேட்டார்.

உண்மையைச் சொல்ல அதுவே தக்க தருணம். ஆனால் பெண்ணைக் கொடுத்த இடத்தில் வாயைக் கொடுக்கக் கூடாது என்பது மயிலிறகின் கொள்கை. தாம் இங்கே ஒரு சொல் சொன்னால் அது அங்கே மகளின் தலையில் ஒன்பது சொல்லாக இறங்கும் என்று அவர் நம்பினார். அவருடைய மகளோ, பிறர் தலையில் இறக்குவதற்குத் தானே பதினெட்டுச் சொல் கைவசம் வைத்திருப்பவள். அது அவர் நினைவுக்கு வரவில்லை.

"ஒண்ணும் ஆகலை சம்பந்தி. முன்னைவிட வழுவழுப்பா இருக்கு" என்றார். முதல் வாக்கியத்தோடு நிறுத்தியிருக்கலாம். இரண்டாவது வாக்கியம் பொய்க்குப் பூச்சூட்டல்.

கடைக்குப் பின்புறம் ஒரு திரைச்சீலை. திரைக்குப் பின்னால் சமையலறை. சம்பந்தி தெருமுனை திரும்பியதும் திரை விலகியது. அம்மையார் கல்லைக் கையில் வாங்கிப் பார்த்தார். அதில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினால் குருவிகள் குடிக்க வரும் என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மயிலிறகு அன்று மாலையே துவைக்கும் கல்மேடையில் மணலைத் தூவி, தீட்டுக்கல்லைக் கவிழ்த்து வைத்துத் தேய்க்கத் தொடங்கினார். இரு ஓரங்களையும் நடுப்பள்ளத்தின் மட்டத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் கல் மீண்டும் சமமாகிவிடும் என்பது கணக்கு, கணக்குச் சரியே. ஆனால் அந்தச் சமத்துக்கு வரும்போது கல் அட்டையைப் போல் மெலிந்திருந்தது. இன்னும் ஒரே ஒரு தேய்ப்பு என்று அவர் அழுத்திய அழுத்தலில் அது இரண்டாகப் பிளந்தது.

"குழி வெட்டினது அவரு. உடைச்சது நீங்க. இனி அவர்கிட்ட என்னன்னு சொல்லுவீங்க?" என்றார் அம்மையார்.

புதிய கல்லுக்கு வழி இல்லை. ஆகவே மலிவான இயற்கைக் கல் ஒன்றைத் தேடிப் பிடிப்பது என்னும் பெரும் பணியை மயிலிறகு மேற்கொண்டார். கல்லில் நார் உரிப்பதே அதைவிட எளிது என்பது பிறகுதான் தெரிந்தது.

பழைய கூரை ஓடு, பள்ளிப்பிள்ளை எறிந்த சிலேட்டுப் பலகையின் சில்லு, ஆற்றில் உருண்ட கல், இடித்த வீட்டின் வாசற்படி: எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. அவரிடம் ஒரு தேர்வுமுறை இருந்தது. முதலில் ஆணியால் கீறுவார். ஆழமாகக் கீறல் விழுந்தால் கல் தோல்வி. பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவார். உடனே உறிஞ்சினால் தோல்வி. பிறகு விரல் முட்டியால் தட்டிக் காதில் வைப்பார். கல் கணீரென்று பேச வேண்டும், முனகினால் உள்ளே வெடிப்பு. கடைசியாக நாக்கின் நுனியால் தொடுவார். நாக்கு ஒட்டினால் நுண்துளை மிகுதி. பழைய சாமான் சந்தையில் இந்த நாக்குத் தேர்வுதான் அவரைக் காட்டிக்கொடுத்தது. ஒரு மனிதர் நக்கிப் பார்க்கும் கல் சாதாரணக் கல்லாக இருக்க முடியாது என்று வியாபாரிகள் முடிவுசெய்தார்கள். அவர் நாக்கை நீட்டியதும் அந்தக் கல் கடல் கடந்து வந்த கல்லாகிவிடும். அதன்பின் அவர் வியாபாரி திரும்பும் சமயம் பார்த்து, வெண்ணெய் திருடும் பூனையைப் போல் நக்கப் பழகிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்த கல்லில் தீட்டிய கத்தியை முதலில் தம் முன்கையில் சோதிப்பார். கைகள் இரண்டும் சில வாரங்களில் மொழுமொழுவென்று ஆகின. கையில் இடம் தீர்ந்ததும் சோதனை கன்னத்துக்கு ஏறியது: இடக்கன்னம் ஒரு கல்லுக்கு, வலக்கன்னம் இன்னொரு கல்லுக்கு. எந்தக் கல் தோற்றது என்பதை எந்தப் பக்கத்தில் பஞ்சு ஒட்டியிருக்கிறது என்று பார்த்துத் தெருவே தெரிந்துகொண்டது. அவர் கன்னத்தோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். கடை நடக்க வேண்டுமே. தேர்வில் பாதி தேறிய கற்களில் தீட்டிய கத்தி வாடிக்கையாளர் முகத்திலும் இறங்கியது. தபால்காரர் ஒருமுறை கண்ணில் நீரோடு எழுந்து, கடிதங்களைக் கொடுக்காமலே போய்விட்டார். எதிர்க்கடையின் குளிர்ந்த காற்று பலருக்கு நினைவு வந்தது. மயிலிறகு முள்ளம்பன்றி ஆகிவிட்டது என்று தெருமுனையில் ஒருவர் சொல்ல, ஊர் அதைக் கைதட்டி ஏற்றுக்கொண்டது.

ஒருநாள் துணிக்கடைக்காரர் வந்து நாற்காலியில் அமர்ந்தார். பெயர் வைத்தவர் அல்லவா, மயிலிறகு வழக்கத்தைவிட இருமடங்கு நுரை பூசினார். இரண்டு இழுப்பு முடிந்ததும் அவர் கண்களை மூடிக்கொண்டே, "நான் வச்ச பேரை நானே திரும்ப எடுத்துக்கலாமான்னு யோசிக்கிறேன்" என்றார். அன்று மயிலிறகு இரவல் தந்த தம் வாயை நொந்துகொண்டு மதிய உணவைத் தொடவில்லை. பெயர்ப்பலகையைக் கழற்றும் நாளை எண்ணிக்கொண்டிருந்தார் என்று சொன்னால் மிகை அன்று.

விடிவு ஒரு கல்தச்சரின் முற்றத்தில் இருந்தது. வீடுகளுக்குப் பெயர்க்கல்லும் அறிவிப்புக்கல்லும் செதுக்கித் தருபவர் அவர். முற்றத்தின் மூலையில் ஒரு தண்ணீர்க் குடத்துக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டு இரண்டு கருங்கல் துண்டுகள் கிடந்தன. மினுக்கம் இல்லாத, நுண்ணிய மணியுடைய கறுப்பு. முன்பு அவை ஒரே பலகையாக இருந்தனவாம். 'இங்கே வாகனம் நிறுத்தாதீர்' என்று செதுக்கி ஒரு வீட்டு வாசலில் நட்ட மறுநாளே ஒரு வாகனம் பின்னால் வந்து இடித்து உடைத்துவிட்டது. ஒரு துண்டில் 'இங்கே வாகனம்' என்றும், மறுதுண்டில் 'நிறுத்தாதீர்' என்றும் இருந்தது. மயிலிறகு திருப்பிப் பார்த்தார். பின்புறம் இரண்டும் சமம். கீறினார், சொட்டு விட்டார், தட்டினார். கல்தச்சர் வியாபாரி அல்லர் என்பதால் துணிந்து நக்கவும் செய்தார். கல்தச்சர் ஒன்றும் கேட்கவில்லை. வாசலில் நிறுத்தாதே என்பதைப் படித்துவிட்டு அங்கேயே நிறுத்துகிறவர்களைப் பார்த்தவருக்கு, கல்லை நக்குகிறவர் ஒரு வியப்பு அன்று.

'நிறுத்தாதீர்' எல்லாத் தேர்விலும் தேறியது. 'இங்கே வாகனம்' கடைசித் தேர்வில் வீழ்ந்தது. நாக்கால் நனைத்தவுடன் அதன் குறுக்கே தலைமுடி அளவில் ஒரு வெள்ளை நரம்பு தெரிந்தது, காய்ந்ததும் மறைந்துவிட்டது. அந்த நரம்பு கல்லைவிடக் கடினமானது. எந்த இரும்பு அதன்மேல் போனாலும் முனை சிறிதாகப் பெயர்ந்து பல் விழும். மயிலிறகு அதைக் கீழே வைத்துவிட்டு, ஒரு தேநீர் விலைக்கு 'நிறுத்தாதீ'ரை வாங்கிக்கொண்டு வந்தார்.

அன்றுமுதல் கத்தி மீண்டும் வருடியது. இரு கன்னங்களிலும் பஞ்சு இல்லாமல் மயிலிறகு தெருவில் நடந்தார். தபால்காரர் கடிதங்களோடு திரும்பி வந்தார். துணிக்கடைக்காரர் கன்னத்தைத் தடவிப் பார்த்து, "சரி, பேரு உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார். அம்மையார்கூட, நிறுத்தாதீர் என்று கல்லே சொல்லும்போது இவர் பேச்சை யார் நிறுத்துவது என்று திரைக்குப் பின்னாலிருந்து அலுத்துக்கொண்டார்.

அவர் பேச்சை நிறுத்தியது சம்பந்தியின் குரல். மருத்துவமனை ஒன்றுக்குக் கதவுகள் செய்யும் பெரிய வேலை வந்திருக்கிறது, கடினமான மரம், கண்ணாடி போல் இழைத்துத் தர வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், மேசையில் இருந்த கறுப்புக் கல்லின்மேல் கண்ணை வைத்தார். பழைய கல் என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. அதற்குத்தான் ஒன்றும் ஆகவில்லையே.

"இது புதுசா சம்பந்தி? ஒரு வாரம் கொடுங்க. நம்ம வீட்டுக் கல்லு மாதிரி பார்த்துக்கிறேன்."

பார்த்துக்கொள்வார் என்பதில்தான் மயிலிறகுக்கு அச்சம். கொடுத்தால் கடை போகும்; மறுத்தால் மகளுக்கு என்ன ஆகுமோ. கல்லுக்கு எண்ணெய் காட்டிப் பதப்படுத்த வேண்டும் என்றும், நாளைக்குத் தாமே அனுப்பிவைப்பதாகவும் சொல்லி அவரை அனுப்பினார். பிறகு கடையைப் பூட்டிவிட்டுக் கல்தச்சரின் முற்றத்துக்கு ஓடி, 'இங்கே வாகன'த்தையும் வாங்கிக்கொண்டார்.

ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்பது இதுதான் என்று வழிநெடுகத் தம்மைத் தாமே பாராட்டிக்கொண்டார். இதுவும் அதே பலகையின் பாதி. ஆகவே இரவல் மறுத்ததாக ஆகாது. நரம்பு முடி அளவுதான். மரத்துக்கு அது தெரியுமா என்ன? முகத்துக்குத்தான் வலிக்கும், கதவுக்கு வலிக்காது. அலகு நன்றாகத் தீட்டுப்படவில்லை என்றால் சம்பந்தி இனிமேல் இரவல் கேட்கவும் மாட்டார். இத்தனை நியாயங்களையும் ஒருவர் அடுக்க வேண்டியிருக்கிறது என்றால் அடியில் நியாயம் இல்லை என்று பொருள். அடுக்கும் வேலையில் மும்முரமாக இருந்தவருக்கு அது படவில்லை. 'இங்கே வாகன'த்தை நன்றாக வெயிலில் உலர்த்தினார். நரம்பு மறைந்தது. இம்முறை சேலைத் துண்டு இல்லாததால் புதிய கைக்குட்டை ஒன்றில் சுற்றினார்.

"பழைய கல்லுக்குச் சேலை. இதுக்குக் கைக்குட்டை. அந்தக் கல்லுல என்ன குறை?" என்றார் அம்மையார். கணவரின் மரியாதை கூடும்போதெல்லாம் எதுவோ கெட்டிருக்கிறது என்பது அவர் இல்வாழ்வில் கற்ற பாடம். மயிலிறகு காது கேளாதவர் போல் முடிச்சைப் போட்டார்.

பிறகு சில நாள் செய்தி இல்லை. ஒரு வெயில் காலையில் சம்பந்தி வந்தார். உடன் மருமகளும் கைக்குட்டைப் பொட்டலத்தோடு வந்தாள். வழக்கமாக அவருக்கு முன்னால் வந்து சேரும் குரல் அன்று வரவில்லை. அவர் நாற்காலியில் அமர்ந்து, தாடையைக் காட்டினார். மருத்துவமனைக்காரர்கள் மறுபடி பார்க்க வரப்போகிறார்கள், முகமாவது ஒழுங்காக இருக்கட்டும் என்றார்.

மயிலிறகு நுரை பூசி, ஒரு கன்னத்தை மழித்து முடித்தார். அதற்குள் சம்பந்தி மெல்ல மெல்ல விஷயத்தைச் சொன்னார். கதவுகள் எல்லாவற்றிலும் கோடு. இழைத்த ஒவ்வொரு பலகையிலும், மேலிருந்து கீழ்வரை, நகம் தடுக்கும்படி ஒரு மெல்லிய மேட்டுக்கோடு. அலகை மீண்டும் தீட்டி இழைத்தால் இன்னொரு கோடு. மூன்று அலகுகளிலும் பல் விழுந்திருந்தது. மருத்துவமனையின் பொறியாளர் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் மறுபடி செய்யச் சொல்லிவிட்டார். அதுகூடப் பரவாயில்லை. வேலையாட்களுக்கு எதிரில் மகன், "அப்பா, உங்க கை தளர்ந்துபோச்சு. இனி இழைப்புளியைத் தொடாதீங்க, கல்லாவுல உட்காருங்க" என்று சொல்லிவிட்டானாம்.

"அவன் சொன்னது சரிதான் போல. உங்க முதல் கல்லை மூணு மாசம் வச்சிருந்தேன், ஒரு குறை வரலை. நீங்களே சொன்னீங்க. இந்தக் கல்லுல தீட்டி ஒரு வாரத்துல அலகெல்லாம் இப்படி ஆயிருக்குன்னா தப்பு கல்லுல இல்லை, என் கையிலதான்" என்றார் சம்பந்தி. பேசும்போது கண்ணாடியில் தம் பெரிய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மயிலிறகின் கத்தி காற்றில் நின்றது.

சம்பந்தி அதோடு விடவில்லை. தம் கையால் கெட்டிருக்கும் கல்லுக்கு ஈடாக, கடைவீதியில் உள்ள உயர்ந்த கல்லையே, கரும்பச்சைக் கல்லையே, புதிதாக வாங்கித் தந்துவிடுவதாகச் சொன்னார். வேண்டாம் என்று சொல்லக் கூடாது என்றும் சொன்னார். நாற்காலி விலையுள்ள கல், தானே நடந்து வந்து மடியில் அமர்கிறது. இத்தனை நாள் நாக்கு வறளத் தேடியவருக்கு அந்த ஒரு கணம் எச்சில் ஊறியது என்பதை மறைப்பதற்கில்லை. ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. மறுபக்கக் கன்னத்தை மழித்தால் போதும்.

மகள் இதற்குள் கைக்குட்டையைப் பிரித்திருந்தாள். இந்தக் கடையின் தரையில் தவழ்ந்து, உடைந்த கற்களை வைத்து விளையாடி வளர்ந்தவள் அவள். கல்லில் எண்ணெயும் இரும்புத்தூளும் கறுப்பாகப் படிந்திருந்தன. துணியில் சோப்பு நுரையைத் தொட்டு அழுக்கைத் துடைத்தாள். பிறகு அப்பாவின் மேசையில் இருந்த தண்ணீர்க் குப்பியை எடுத்துப் பீய்ச்சி, கட்டைவிரலால் ஒருமுறை வழித்தாள்.

கறுப்பில், குறுக்கே, தலைமுடி அளவில் வெள்ளை தெரிந்தது.

அவள் கல்லை மாமனாரின் மடியில் வைத்தாள். "மாமா, உங்க கைக்கு ஒண்ணும் இல்லை. இதைப் பாருங்க" என்றாள். சம்பந்தி குனிந்து பார்த்தார், நகத்தால் தடவினார், நகம் தடுக்கியது. அவர் தலையை நிமிர்த்தினார். தமக்குக் கல் தந்தவர் ஊரிலேயே கல்லை அறிந்தவர் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் பெண் கொடுத்த வீட்டாரைப் பற்றி அப்படி நினைக்க அவருடைய பெரிய மனம் இடம் தரவில்லை போலும். பாதி முகம் மழிந்து, பாதி முகம் நுரையோடு, கண்ணாடியில் அவர் மயிலிறகைப் பார்த்தார். மயிலிறகுக்குத் தெரியாமல்தான் நடந்திருக்கும் என்று மெல்லச் சொன்னார். அதுவும் மயிலிறகுக்குத் தப்பிக்க ஒரு வழியாக இருந்தது.

திரைச்சீலை விலகியிருந்தது. அம்மையார் அதைப் பிடித்தபடி நின்றார்.

எந்த மகளின் பொருட்டு ஒரு பொய்யும் ஒரு கல்லும் தரப்பட்டனவோ, அந்த மகளே தந்தையின் எதிரில் வந்து நின்றாள்.

"அப்பா, நனைச்சுப் பார்க்காம நீங்க கல்லை எடுக்க மாட்டீங்க. இதுல நரம்பு இருக்கிறது, கொடுக்கும்போது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

மயிலிறகு கத்தியை மடித்து மேசையில் வைத்தார்.

"தெரியும்."